ஆறாவது சனிக்கிழமை

பூட்ஸைக் கழற்றினால் அரைமணி நேரமாவது இருப்பார். கழற்றாமல் கால்மிதியிலேயே நின்று பேசினால் ஐந்து நிமிடம். கழற்ற வேண்டாம் என்று நான் சொல்லக் கூடாது. கழற்றுங்கள் என்றும் சொல்லக் கூடாது. சொன்னால் என் அவசரம் தெரிந்துவிடும்.

டெஸ்மர் கதவருகில் நின்று தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனதில் ஓடியது இவ்வளவுதான். அவர் ஷெரிஃப் அலுவலகத்து அதிகாரி. லீலண்ட் வாஸ் என்பவர் ஏரியில் இறந்துபோய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் பூட்ஸைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் குனிந்து முடிச்சை அவிழ்த்தார். நான் காபிக்குத் தண்ணீர் வைத்தேன்.

அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் உண்மையையே சொன்னேன். அவர் கேட்காமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முப்பது வருடம் படகுத்துறைப் பட்டறையில், படகின் பின்பக்கம் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்களைப் பழுது பார்த்தவள் நான். என் கணவர் ரெய்னோ இறந்து பதினோரு குளிர்காலம் ஆகிறது. அதற்கடுத்த வருடத்திலிருந்து பழைய மோட்டார்களை வாங்கியவர்கள் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். யாராவது இறந்துபோன வீட்டில் சாமான்களை விற்கும்போது கொட்டகை மூலையில் ஒரு மோட்டார் கிடக்கும். நாற்பதுகளில் செய்தது, பச்சைப் பெயின்ட், பித்தளைத் தகட்டில் எண். பார்க்க அழகாக இருக்கும். நகரத்திலிருந்து வந்து இங்கே ஓய்வுகால வீடு வாங்கியவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஓடாது. படகுத்துறையில் என் தொலைபேசி எண்ணைக் கொடுப்பார்கள்.

நான் பழுது பார்த்துக் கொடுப்பதில்லை. பழுது பார்க்கக் கற்றுக்கொடுக்கிறேன். பழுது பார்த்துக் கொடுத்தால் அவர்கள் ஒரு முறை வருவார்கள். கற்றுக்கொடுத்தால் ஆறு சனிக்கிழமை வருவார்கள். கூலி வாங்குவதில்லை. ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்புப் பண்டமோ, சுட்ட பன்றித் தொடையோ எதையாவது எடுத்துக்கொண்டு வருவார்கள். வேலை முடிந்ததும் அதை என் சமையலறையில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவோம்.

முதல் சனிக்கிழமை மோட்டாரைப் பிரிப்பது. இரண்டாவது, பொறி தட்டும் முனைகளைச் சுத்தம் செய்து இடைவெளியை அளந்து வைப்பது. மூன்றாவது கார்புரேட்டர். நான்காவது தண்ணீர் பம்பும் கீழ்ப்பெட்டியின் பல்சக்கரங்களும். ஐந்தாவது சனிக்கிழமை கொட்டகை வாசலில் ஒரு பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை அதன் பலகையில் மாட்டி ஓடவிடுவோம். கயிற்றை மேல்சக்கரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, கால்களை அகற்றி ஊன்றி, இடது கையால் பெட்ரோல் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, தோளிலிருந்து இழுக்க வேண்டும். எழுபது வருடம் பேசாமல் கிடந்த இயந்திரம் நீலப் புகையோடு இரும ஆரம்பிக்கும்போது பெரிய மனிதர்கள்கூட என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். தண்ணீர் பீப்பாய்க்கு வெளியே சிதறி எங்கள் இருவரையும் நனைக்கும்.

ஆறாவது சனிக்கிழமை ஏரியில். அன்றைக்குச் சொல்லித்தர ஒரே ஒரு வாக்கியம்தான் உண்டு.

இந்த மோட்டார்களுக்கு நியூட்ரல் கிடையாது. உயிர் வந்த நொடியிலேயே அடியில் இருக்கும் விசிறி தண்ணீரைக் கடிக்கும், படகு பாயும். நின்றுகொண்டு கயிற்றை இழுப்பவர் மோட்டாரைத் தாண்டித் தண்ணீரில் விழுவார். அதனால் படகில் உட்கார்ந்துதான் இழுக்க வேண்டும். பீப்பாயில் மோட்டார் நெஞ்சு உயரத்தில் இருப்பதால் நின்றுதான் இழுக்க முடியும். ஆக, ஐந்து வாரம் என் கொட்டகையில் கற்றவரின் உடம்பு நிற்பதற்குத்தான் பழகியிருக்கும். அந்தப் பழக்கத்தை ஆறாவது வாரம் ஒரு வாக்கியத்தால் மாற்றுவேன். படகில் உட்கார்ந்து இழுங்கள். அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டால் அவர்களுக்கு என்னிடமிருந்து தெரிந்துகொள்ள எதுவும் மிச்சமில்லை.

அதற்குப் பிறகு யாரும் வருவதில்லை. இதை மனக்குறையாகச் சொல்லவில்லை. ஓடுகிற மோட்டாரை வைத்துக்கொண்டு ஒருவர் எதற்காக ஏரியின் இந்த முனைக்கு வர வேண்டும். நன்றி சொல்வார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை வரும். அடுத்த வருடம் அதுவும் வராது. ஒரு ஜனவரியில் தபால்காரரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. எத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறேன் என்று நின்று யோசித்தேன். அவர் என் மூச்சுதான் பனியில் தெரிகிறது என்று நினைத்து, கையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

கொரீன் வந்தது மூன்று வருடங்களுக்கு முன்பு. ஐம்பது வயதைத் தாண்டியவள், நூலகத்தில் வேலை பார்த்தவள், தனியாக இருந்தாள். ஐந்து சனிக்கிழமை முடிந்ததும் அவள் தங்கை ஊரிலிருந்து வந்துவிட்டதால் ஆறாவதற்குக் காத்திருக்காமல் மோட்டாரைப் படகில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதில் என் தவறு எதுவும் இல்லை. நின்றாள், இழுத்தாள், விழுந்தாள். விழும்போது படகின் விளிம்பில் தோள் பட்டுக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. படகு நேராகப் போய் நாணலில் முட்டி நின்றது. தங்கையால் இரண்டு நாளுக்கு மேல் இருக்க முடியவில்லை. கொரீனை நான் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

பத்தொன்பது நாள் இருந்தாள். சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டேன். இறைச்சியை வெட்டிக் கொடுத்தேன். ஒரு மதியம் சமையலறைத் தொட்டியில் குனியவைத்து அவள் தலையைக் கழுவினேன். வெந்நீர் ஊற்ற ஊற்ற அவள் கழுத்து தளர்ந்துகொண்டே வந்தது. கண்ணை மூடியபடியே பேசினாள்.

"ஆர்லிஸ், எனக்குத் தலை கழுவிவிட்டு எவ்வளவு வருஷமாச்சு தெரியுமா? ஏழு வயசுல எங்கம்மா கழுவிவிட்டது. இன்னும் ரெண்டு எலும்பு ஒடைச்சுக்கலாம் போலிருக்கே."

சிரித்தோம். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அன்றிரவு படுத்த பிறகும் அந்த வாக்கியத்தை விடாமல் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எலும்பு ஒட்ட ஆறு வாரம் பிடிக்கும். நன்றி ஆறிப்போக அவ்வளவு நாள் பிடிப்பதில்லை.

அவள் தோள் சரியானதும் மோட்டாரை விற்றுவிட்டாள். தன் கவனக்குறைவுதான் என்று எல்லோரிடமும் சொன்னாள். ஒரு அட்டை வந்தது.

அதற்குப் பிறகு நான் மாறிப்போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். முன்பு போலவேதான் கற்றுக்கொடுத்தேன், இன்னும் கவனமாகவே கற்றுக்கொடுத்தேன். அந்த ஒரு வாக்கியத்தை எப்போது சொல்வது என்பதை மட்டும் என் விருப்பத்துக்கு வைத்துக்கொண்டேன். ஒருமுறை அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். புகையிலையை மென்று கொட்டகைத் தரையில் துப்பினார்கள். அவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிட்டேன். இன்னொருவர் எந்நேரமும் தன் முன்னாள் மனைவியைத் திட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டாவது வாரம் சொன்னேன். போனால் போகட்டும் என்று தோன்றியவர்களுக்கெல்லாம் சீக்கிரமே சொல்லிவிட்டேன். அவர்கள் எல்லோரும் நலமாக இருக்கிறார்கள்.

லீலண்டுக்குச் சொல்லவில்லை.

அவர் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தொரு வயது, மனைவி இல்லை. எனக்கு நேரெதிரே, ஏரி குறுகும் இடத்தில், அக்கரை வீட்டை வாங்கியிருந்தார். காலையில் அவர் தும்மினால் எனக்குக் கேட்கும். அவ்வளவு பக்கம். ஆனால் சாலை வழியாக வந்தால் ஒன்பது மைல். சனிக்கிழமைதோறும் அந்த ஒன்பது மைலைச் சுற்றி வந்தார். என்னை 'வாத்தியாரம்மா' என்று கூப்பிட்டார். என் காபி மோசம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

"இது காபியா வாத்தியாரம்மா? இல்ல, கீழ்ப்பெட்டியிலேருந்து வடிச்ச எண்ணெயா?" என்று கேட்டுவிட்டு இரண்டாவது கோப்பையை நீட்டினார்.

சொன்ன எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் எண் போட்டு எழுதிக்கொண்டார். நான் யோசிப்பதற்காகப் பேச்சை நிறுத்தினால் அவர் பென்சிலும் நிற்கும். என் மௌனத்துக்காக ஒருவர் காத்திருந்தது அதுவரை நடந்ததில்லை. ரெய்னோ நல்லவர், ஆனால் வாக்கியத்தின் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்.

ஐந்தாவது சனிக்கிழமை பீப்பாயில் மோட்டார் ஓடியது. அவர் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. தன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. பிறகு படகின் திசையை மாற்றும் கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தவர், மணிக்கட்டு வலிக்கிறது, இவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டுமா என்று கேட்டார். கைப்பிடியின் அடியில் ஒரு திருகு இருக்கிறது. அதை இறுக்கி வைத்தால், கையை விட்டாலும் மோட்டார் பிடித்த திசையிலேயே நிற்கும், படகு நேராகப் போகும். தளர்த்தினால் மோட்டார் தானாகத் திரும்பிக்கொள்ளும், படகு வட்டம் போடும். இது எனக்குத் தெரியும்.

"உங்க கைக்கு எப்படி வசதியோ அப்படி வெச்சுக்குங்க" என்றேன்.

அவர் தளர்த்திக்கொண்டார். இதிலும் அவர் நன்மையைத்தான் நினைத்தேன். கொரீனின் படகு நேராகத் தூரம் போய்விட்டது. வட்டம் போட்டால் படகு விழுந்தவரின் பக்கமே திரும்பி வரும், கைக்கு எட்டும் என்று எண்ணினேன்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை தொலைபேசியில் அழைத்தார். ஆறாவது வகுப்புக்கு வர முடியாது என்றார். அரிசோனாவில் மர்லா என்ற பெண்மணி இருக்கிறாள், கோடையில் பழக்கம், குளிர்காலத்தை அங்கேயே கழிக்கப் போகிறார், திங்கட்கிழமை புறப்பாடு. வீட்டையும் ஒருவேளை விற்றுவிடலாம். ஆனால் நாளைக் காலை படகிலேயே இக்கரைக்கு வந்து, இடைவெளி அளக்க என்னிடம் வாங்கிப்போன தகட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விடைபெறுவாராம். தன் கையால் சரிசெய்த மோட்டாரில் வருவதை நான் பார்க்க வேண்டுமாம்.

"ஆறாவது பாடத்துல என்ன இருக்கு? ரொம்ப முக்கியமா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பெரிசா இல்ல" என்றேன். "ஏரியில ஓட்டிப் பார்க்கிறதுதான்."

சில வினாடி பேசாமல் இருந்தார். என் மௌனத்துக்குக் காத்திருக்கிறார் என்று புரிந்தது. நான் தொலைபேசியை வைத்தேன்.

மறுநாள் காற்று இல்லை. செப்டம்பர் கடைசி, தண்ணீர் கைவைத்தால் எலும்பு வலிக்கிற குளிர். நான் என் மரத்துறையின் முனையில் கோப்பையோடு நின்றேன். எதிரே அவர் படகில் இறங்கினார். மிதவைச் சட்டையை இருக்கையில் போட்டு வைத்திருந்தார், அணியவில்லை. கட்டை அவிழ்த்து, துடுப்பால் தள்ளி, துறையிலிருந்து கொஞ்ச தூரம் வந்தார். பிறகு எழுந்து நின்றார். கால்களை அகற்றி ஊன்றினார். இடது கை தொட்டியின் மேல். நான் கற்றுக்கொடுத்தபடியே, ஒரு பிசகும் இல்லாமல்.

"பாருங்க வாத்தியாரம்மா, ஒரே இழுப்பு" என்றார். கத்தக்கூட இல்லை, சாதாரணமாகப் பேசினார். அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

ஒரே இழுப்பில் வரவில்லை. மறுபடி கயிற்றைச் சுற்றினார். இரண்டாவதிலும் வரவில்லை. சோக்கைச் சரிசெய்து, மூன்றாம் முறை சுற்றினார். ஒவ்வொரு முறையும் மூன்று சுற்று. அவர் நிதானமானவர். அவர் சுற்றி முடிப்பதற்குள் 'உட்கார்ந்து இழுங்க' என்று பத்து முறை சொல்லியிருக்கலாம். நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். என் குரல் அன்றைக்கு நன்றாகவே இருந்தது.

அந்த நேரத்தில் நான் நினைத்ததையும் மறைக்கவில்லை. தோளோ கழுத்துப்பட்டை எலும்போ முறிந்தால் ஆறு வாரம். நவம்பர் நடுவில்தான் சரியாகும். அதற்குள் பனி விழுந்துவிடும், அவ்வளவு தூரப் பயணம் வேண்டாம் என்று மருத்துவர் சொல்வார். மர்லா வேறு யாரையாவது பார்த்துக்கொள்வாள். கீழ் அறையில் கொரீனுக்குப் போட்ட கட்டில் அப்படியே இருக்கிறது. அவருக்குத் தலையில் முடி அதிகம் இல்லை, இருந்தாலும் கழுவிவிடலாம்.

மூன்றாவது இழுப்பில் மோட்டார் உயிர்பெற்றது. நல்ல சத்தம், சீரான சத்தம். அவர் விழுந்தார்.

தலை மேலே வந்தது. சிரித்துக்கொண்டிருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது. படகு அகலமாக ஒரு வட்டம் போட்டுத் திரும்பியது. யாராக இருந்தாலும் செய்வதைத்தான் அவரும் செய்தார், படகைப் பிடிக்க நீந்தினார். முதல் முறை அது அவரைத் தாண்டிப் போனது. இரண்டாவது முறை தாண்டிப் போகவில்லை.

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் டெஸ்மரின் கோப்பில் பாராட்டாகவே எழுதப்பட்டிருக்கிறது. உடனே ஆம்புலன்ஸை அழைத்தேன். என் படகில் துடுப்புப் போட்டுப் போனேன். ஓடிக்கொண்டிருந்த படகு பாறையில் ஏறி நின்ற பிறகு, அறுபத்தேழு வயதான நான் அவரைத் தனியாகக் கரைக்கு இழுத்து வந்தேன். ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை குளிர்ந்துகொண்டே போனது, விடவில்லை. அந்த நாற்பது நிமிடம் அவர் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

டெஸ்மர் என் சமையலறை மேஜையில் லீலண்டின் நோட்டைத் திறந்து வைத்தார். ஈரத்தில் ஊறிக் காய்ந்த பக்கங்கள். நேரான கையெழுத்தில் இருபத்தாறு குறிப்புகள். இருபத்து நான்காவதை விரலால் தொட்டுக் காட்டினார்: கால்களை அகற்றி நிற்கவும், தோளிலிருந்து இழுக்கவும்.

"இது பீப்பாய்க்குத்தானே, ஆர்லிஸ்?"

"பீப்பாய்க்குத்தான்."

"அதான பார்த்தேன்." பெருமூச்சு விட்டார். "எங்கப்பா எனக்குத் தலையில ஒண்ணு போட்டாரு, அஞ்சு வயசுல, படகுல நின்னுட்டு இழுத்தேன்னு. இந்தப் பக்கம் பொறந்தவனுக்கு இதைப் போய் யாராவது தனியா சொல்லுவாங்களா? நின்னு சாப்பிடாதே, உக்காந்து சாப்பிடுன்னு சொல்ற மாதிரி. அந்த மனுஷன் கடைசி வகுப்புக்கு வராமப் போயிட்டாரு. நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவர் எல்லாவற்றையும் தானே சொல்லி முடித்திருந்தார். விபத்து என்று எழுதிய தாளில் நான் பார்த்ததற்குச் சாட்சியாகக் கையெழுத்துக் கேட்டார். அதில் எழுதியிருந்த ஒவ்வொரு வரியும் நடந்ததுதான். போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது கோப்பைக் காபியும் குடித்தார். லீலண்டின் மகள் எனக்கு நன்றி சொல்லச் சொன்னதாகவும் சொன்னார். அப்பாவின் கடைசிக் கோடை நன்றாக இருந்ததற்கு நான்தான் காரணமாம். அது உண்மை என்றே நானும் நினைக்கிறேன்.

அப்போது தொலைபேசி மணி அடித்தது. தெற்கேயிருந்து ஒரு பெண். தன் மாமா விட்டுச்சென்ற ஒரு மோட்டார் இருக்கிறதாம், நாற்பத்தொன்பதில் செய்தது, ஒரு பிளக் உடைந்திருக்கிறது. குளிர்காலத்துக்கு முன் ஆரம்பிக்கலாமா என்று கேட்டாள். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் லேசாகச் சிரித்தாள், தன்னையே மன்னிக்கச் சொல்கிறவள் போல. தனியாகத்தான் இருக்கிறாளாம். சனிக்கிழமை வரச் சொன்னேன்.

நான் திரும்பி வந்து உட்கார்ந்ததும் டெஸ்மர் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். பேனாவையும் திறந்து பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு படகுத்துறையிலும் மாட்டிவைக்கப் போகிறார்களாம். என் கொட்டகைப் பீப்பாயிலும் ஒன்று மாட்டலாமாம். ஒரே வாக்கியம் போதும், என் கையெழுத்தில் இருந்தால் ஜனங்கள் மதிப்பார்கள்.

"உக்காந்து இழுங்கன்னு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க, ஆர்லிஸ். இன்னொருத்தருக்கு இப்படி ஆகாம இருக்கட்டும்."

அவர் கேட்டதில் தவறு ஒன்றுமில்லை. எழுதி மாட்டிவிட்டால் அந்தப் பெண் முதல் சனிக்கிழமையே அதைப் படித்துவிடுவாள். பேனாவை மூடி, அட்டையோடு சேர்த்து மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினேன்.

"வேண்டாம்" என்றேன். "அதை நான் நேர்லயே சொல்லிக்கிறேன். வர்றவங்க முதல்ல நல்லா பழகட்டும்."